மாதவி குறைத்த மூன்று மில்லிமீட்டர்

பிரிக்ஃபீல்ட்ஸில், புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் அமைந்திருக்கும் டாக்டர் திருச்செல்வத்தின் பல் கிளினிக்கில் மாதவி இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். நோயாளிகள் அவரை ‘மிஸ்ஸி’ என்று அழைக்கிறார்கள். அவர் தாதி அல்லர். பல் மருத்துவரின் உதவியாளர். முதல் இரண்டு ஆண்டுகள் இந்த வேறுபாட்டை எல்லாரிடமும் விளக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து படுத்திருப்பவர்களுக்கு வேறுபாடுகளில் நாட்டம் இருப்பதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது கேரித் தீவில், செம்பனைத் தோட்டத்தில், வசிப்பது கிள்ளானில். கணவர் வாசு துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மாதவி காலை ஆறே முக்காலுக்குக் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எட்டே காலுக்குக் கிளினிக்கின் கதவைத் திறப்பார். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் தாமதமாக வந்த நாள்கள் நான்கு. நான்கும் வெள்ள நாள்கள்.

கிளினிக்கில் அவர் செய்யும் பணிகளுள் ஒன்று, வேர்க்குழாய்ச் சிகிச்சைக்கு முன் ஊசிகளை ஆயத்தம் செய்வது. பல்லைப் பிடுங்காமல், அதன் வேருக்குள் ஓடும் மெல்லிய குழாயில் உள்ள அழுகலை மட்டும் அகற்றுவதே அந்தச் சிகிச்சை. மருத்துவர் முதலில் தலைமுடியைவிடச் சற்றே தடித்த, ‘ஃபைல்’ என்னும் அரத்தால் குழாயைச் சுரண்டி அகலமாக்குவார். ஆனால், சுரண்டுவது பாதி வேலைதான். அரம் தொடாத மூலைகளைக் குளோரின் நெடியடிக்கும் மருந்து நீரால் கழுவ வேண்டும். அந்த நீரை உள்ளே கொண்டுசெல்வது ஊசி. ஊசி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை, அதன் தண்டில் கோத்திருக்கும் சிறிய ரப்பர் வளையம் தீர்மானிக்கும். வளையம் பல்லின் மேல்விளிம்பில் முட்டியதும் ஊசி நின்றுவிடும். மருத்துவர் எண்ணைச் சொல்வார்; மாதவி எஃகு அளவுகோலில் ஊசியை வைத்து வளையத்தை அந்த எண்ணுக்கு நகர்த்தித் தருவார்.

உண்மையில் மாதவி அந்த எண்ணுக்கு நகர்த்துவதில்லை. மருத்துவர் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் மூன்றைக் கழித்துக்கொள்வார். அதாவது, ஊசி எப்போதும் மருத்துவர் நினைத்ததைவிட மூன்று மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இப்பழக்கம் தொடங்கியது 2003ஆம் ஆண்டில். சீதாலெட்சுமி என்னும் பள்ளி ஆசிரியைக்கு மேல்வரிசையின் இடப்பக்கப் பல்லில் டாக்டர் திருச்செல்வம் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அந்நாளில் கிளினிக்கில் இருந்த ஊசிகளின் முனை திறந்திருக்கும். பூச்செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைப் போல, மருந்து நேராக முன்னோக்கிப் பாயும். அன்று ஊசி வேரின் அடியில் போய் இறுகிக்கொண்டது. பக்கவாட்டில் திரும்பி வர இடமில்லாத மருந்து, வேரின் நுனியைத் தாண்டி மேல்தாடைக்குள் பாய்ந்தது. ஆசிரியை ஒரு முறை அலறினார். பத்து நிமிடங்களில் அவருடைய இடக்கன்னம் ஆவியில் வெந்த பாவ் ரொட்டி போல உப்பியது. கண்ணுக்குக் கீழே ஊதா நிறம் படர்ந்தது.

முகம் பழைய நிலைக்குத் திரும்பப் பன்னிரண்டு நாள்கள் ஆயின. அவருடைய மகளின் திருமணம் நான்காம் நாள் நடந்துவிட்டது. திருமணப் படங்கள் அனைத்திலும் சீதாலெட்சுமி வலக்கன்னத்தைக் காட்டியபடியே நிற்கிறார். தாலி கட்டும் படத்தில், மண்டபத்தில் உள்ள எல்லாரும் மணமக்களைப் பார்க்கிறார்கள். மணமகளின் தாய் மட்டும் மின்விசிறியைப் பார்க்கிறார். அவர் கோபப்படவில்லை. அந்தப் படத்தைச் சட்டமிட்டு, நினைவாக இருக்கட்டும் என்று கிளினிக்குக்கே கொடுத்தார். டாக்டர் அதை மாட்டவும் இல்லை, எறியவும் இல்லை. மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். அன்று நடந்ததைப் பற்றி அதன்பின் கிளினிக்கில் யாரும் பேசவில்லை.

மருந்தை அழுத்தியவர் மருத்துவர். வளையத்தை வைத்தவர் மாதவி. அதைச் சரியான எண்ணில் வைத்தாரா என்பது அவருக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலை முதல் மூன்றைக் கழிக்கத் தொடங்கினார். இரண்டு போதாது என்றும், நான்கு வெளியே தெரிந்துவிடும் என்றும் அவருக்குத் தோன்றியது.

கடந்த ஆண்டு டாக்டர் சுமையா பணியில் சேர்ந்தார். முப்பது வயது, செமினியிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறவர். சேர்ந்த முதல் வாரத்திலேயே பழைய ஊசிகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை வரவழைத்தார். அவை மிக மெல்லியவை. நுனி மூடி, மழுங்கலாக இருக்கும். மருந்து வெளியேறும் துளை பக்கவாட்டில் இருக்கும்.

“இது ரொம்ப சேஃப் அக்கா,” என்று ஓர் ஊசியை விளக்கின் கீழ் காட்டினார். “முன்னாடி பீச்சாது. சைட்ல வந்து சுவத்தக் கழுவிட்டு மேல ஏறி வந்துடும். ஆனா ஒன்னு, நுனிக்குக் கீழ ஒரு மில்லிமீட்டர் வரைக்கும்தான் கழுவும். அதனால இத நல்லா அடி வரைக்கும் எறக்கணும். வேர் இருபதுன்னா நான் பத்தொன்பதுன்னு சொல்வேன்.”

“சரிங்க டாக்டர்,” என்றார் மாதவி. பத்தொன்பது என்று அவர் சொன்ன முதல் நாளில் பதினாறு வைத்தார்.

நான்கு மாதங்களில் இருவர் வலியோடு திரும்பி வந்தனர். மூன்றாமவர் கன்னையா.

கன்னையா கம்போங் மேடானில் வசிப்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், வயது ஐம்பத்தொன்பது. அவருடைய இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கிளினிக்குகளில் பிடுங்கப்பட்டுவிட்டன. வலப்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. மெல்வதற்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். வலித்தது கீழ்ப்பல். அது போனால் மேல்பல்லுக்கும் வேலையில்லை.

“மிஸ்ஸி, இது ஒன்னுதான் பாக்கி,” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். “இதையும் புடுங்கிட்டா நான் கஞ்சிதான் லா.”

மூன்றாம் முறை அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. டாக்டர் சுமையா தற்காலிக அடைப்பை எடுத்தார், கழுவினார், குழாய் உலர்ந்துவிட்டதா என்று பார்க்க, ஊசியளவே தடித்த உறிஞ்சு காகிதக் குச்சியைப் பின்வேருக்குள் இறக்கி வெளியே எடுத்தார். அதை மாதவியின் கையில் இருந்த தட்டில் வைத்தார்.

“இன்னிக்கும் ஈரம்தான் அக்கா. ஸ்மெல் பாருங்க.”

“வருது டாக்டர்.”

“ஃபைல் அடி வரைக்கும் போகுது. ஆழம் பாக்குற மெஷினும் ஜீரோ காட்டுது. இருபது மில்லி மருந்து ஊத்தியாச்சு. எங்க தப்புன்னே புரியல.”

“ஆங்?” என்றார் கன்னையா.

“உங்களச் சொல்லல அங்கிள். வாயத் தொறந்தே வைங்க.”

மாதவி தட்டைப் பார்த்தார். காகிதக் குச்சி மேலிருந்து கீழ்வரை வெண்மையாக இருந்தது. நுனியில் மட்டும் மஞ்சள் கறை படிந்திருந்தது. கறை தொடங்கிய இடம் கோடு போட்டது போலத் தெளிவாக இருந்தது. அவர் எஃகு அளவுகோலை எடுத்துக் குச்சியின் அருகில் வைத்தார். கறையின் நீளம் மூன்று மில்லிமீட்டர்.

அந்த எண்ணை அவருக்குத் தெரியும்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து டாக்டர் திருச்செல்வம் வந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார்; குச்சியை முகர்ந்தார்.

“சுமையா, மூனு விசிட் ஆச்சும்மா. இதுக்கு மேல அவரப் போட்டு வதைக்கக் கூடாது. அடுத்த புதன்கிழமை நானே எடுத்துடுறேன். இந்தப் புது ஊசியும் வேணாம், பழசுக்கே போயிடுவோம்.”

டாக்டர் சுமையா கையுறையைக் கழற்றினார். வழக்கமாக அதைக் குப்பைக்கூடையில் தூரத்திலிருந்தே எறிவார். அன்று நடந்து போய்ப் போட்டார்.

கன்னையா எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார். “புதன்கிழமையா? ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுல ஆடு வெட்டறாங்க. அது முடிஞ்சிரும். சரி, புடுங்கிடுங்க.”

டாக்டர் சுமையாவின் மேசையில், பறக்கும் தாள்களின் மேல் கனத்துக்கு வைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் கட்டி ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பயிற்சிக்குப் பயன்படுத்தியது. அதற்குள் பல்லின் வேர்க்குழாயைப் போலவே மெல்லிய குழாய் ஒன்று வளைந்து இறங்கும். சனிக்கிழமை நண்பகல் கிளினிக்கைப் பூட்டும் நேரத்தில் மாதவி அதைக் கையில் எடுத்தார்.

“டாக்டர், இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா? திங்கக்கிழமை கொண்டாந்துடுறேன்.”

“எடுத்துக்குங்க அக்கா. எதுக்கு?”

“பார்க்கறதுக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை சமையல் முடிந்ததும் மாதவி சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பிளாஸ்டிக் கட்டியையும், காலாவதியான புதிய வகை ஊசிகள் இரண்டையும், பழைய ஊசி ஒன்றையும், அளவுகோலையும், ஒரு கோப்பையில் சிவப்புச் சர்க்கரைப் பாகான சிராப்பையும் பரப்பி வைத்தார். வெள்ளைப் பனியனோடு சாப்பிட வந்த வாசு சிராப்பைப் பார்த்தார்.

“பண்டுங் கலக்கறியா? பால் எங்க?”

“குடிக்கறதுக்கு இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“பல்லுக்கு.”

அந்த வீட்டில் அது போதுமான விடை. வாசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கட்டிக்குள் இருந்த குழாயின் நீளம் பதினாறு மில்லிமீட்டர். அதன் அடி திறந்திருந்ததால், மாதவி மெழுகுவத்தியிலிருந்து ஒரு துளியை அங்கே சொட்டவிட்டு அடைத்தார். குழாய் முழுவதும் சிராப்பு இறங்கியதும் அது சிவப்பு நூலைப் போலத் தெரிந்தது. புதிய ஊசியில் வளையத்தைப் பதினைந்தில் வைத்தார். பீச்சியில் வெறும் தண்ணீர். மெதுவாக அழுத்தினார். மூன்றாம் அழுத்தலில் சிவப்பு முழுவதும் மேலேறி வெளியே வந்துவிட்டது. குழாய் அடி வரை தெளிந்தது.

மீண்டும் சிராப்பு ஏற்றினார். இம்முறை வளையத்தைப் பன்னிரண்டில் வைத்தார். அது, பதினைந்து என்று சொன்னால் அவருடைய கை வைக்கும் இடம். அழுத்தினார். மேற்பகுதி தெளிந்தது. அடியில் சிவப்பு அப்படியே நின்றது. ஐந்து முறை, பத்து முறை அழுத்தினார். வாசு எண்ணிக்கொண்டே வந்தார்.

“இருபது. இன்னும் கொஞ்சம் வேகமா அழுத்து.”

“வேகமா அழுத்தினாலும் போகாது. ஓட்டை சைட்ல இருக்கு.”

“அப்போ ஊசிய உள்ள தள்ளு.”

மாதவி ஊசியை நகர்த்தாமல் இன்னொரு முறை அழுத்தினார்.

“ஃபோர்க்க பாதி வரைக்கும் உட்டு பாலெட்டத் தூக்குனா எந்திரிக்குமா? எந்த மெஷினா இருந்தாலும் அடி வரைக்கும் போகணும் லா. இதக் கண்டுபிடிக்கவா ஞாயித்துக்கிழமை சோறு போடாம உட்காந்திருக்க?”

மாதவி மூன்றாம் முறையாகச் சிராப்பு ஏற்றினார். இப்போது பழைய ஊசியை எடுத்தார். திறந்த முனை. முதலில் அதைப் பன்னிரண்டில் நிறுத்தி அழுத்தினார். நீர் முன்னோக்கிப் பாய்ந்து, அடியில் இருந்த சிவப்பில் பெரும்பகுதியைக் கலக்கி வெளியே கொண்டுவந்தது. ஊசி நிற்கும் இடம் தள்ளியிருந்தாலும் மருந்து தானாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் ஒன்றும் வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

பிறகு மீண்டும் சிராப்பு ஏற்றி, பழைய ஊசியை அது போய் இறுகும் வரை உள்ளே தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு பலமாக அழுத்தினார். மெழுகுத்துளி தெறித்தது. சிராப்பு ஒரே கோடாகப் பாய்ந்து வாசுவின் வெள்ளைப் பனியனில் நெஞ்சுக்கு நேராக விழுந்தது.

வாசு குனிந்து பனியனைப் பார்த்தார்.

“இதுதான் சீதாலெட்சுமி டீச்சர்,” என்றார் மாதவி.

மெழுகை மீண்டும் வைத்து, புதிய ஊசியைப் பதினைந்தில் இறக்கி, அதே பலத்தோடு அழுத்தினார். நீர் மேல்வழியாகப் பொங்கி வந்து மேசையை நனைத்தது. மெழுகு அசையவில்லை. அவர் ஆறு முறை செய்து பார்த்தார். ஆறு முறையும் அசையவில்லை.

“அப்போ அந்த டாக்டர் பொண்ணு மேல தப்பு இல்ல,” என்றார் வாசு.

“இல்ல.”

“ஊசி மேலயும் தப்பு இல்ல.”

“இல்ல.”

“பின்ன யாரு மேல?”

“பனியனக் கழட்டுங்க. ஊற வெக்கணும்.”

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு இரு மருத்துவர்களும் வந்திருந்தனர். முதல் நோயாளிக்கு ஒன்பது மணி. டாக்டர் திருச்செல்வம் கடையிலிருந்து வாங்கி வந்த கோப்பியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தார். மாதவி பிளாஸ்டிக் கட்டியை மேசையில் இருந்த இடத்திலேயே வைத்தார். அதனருகில் அளவுகோலை வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“டாக்டர், கன்னையா அண்ணன் பல்லப் புடுங்க வேணாம். அந்தப் பல்ல யாரும் இன்னும் கழுவவே இல்ல.”

டாக்டர் சுமையா திரும்பினார். “மூனு தடவை கழுவினோமே அக்கா?”

“மேல கழுவினோம். அடியில கழுவல. நீங்க பத்தொன்பதுன்னு சொன்னீங்க. நான் பதினாறு வெச்சேன்.”

“அன்னிக்குத் தப்பா வெச்சிட்டீங்களா?”

“தப்பா இல்ல டாக்டர். வேணும்னுதான் வெச்சேன். எல்லாருக்கும் அப்படித்தான்.”

டாக்டர் சுமையா நாற்காலியில் உட்கார்ந்தார். “இருபத்தொன்னுன்னு சொன்னா?”

“பதினெட்டு.”

“ஏன்க்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, சரியா வைக்கச் சொல்வீங்க.”

டாக்டர் சுமையாவின் குரலில் கோபம் இருந்திருக்கலாம். ஆனால், அதை வைக்க இடம் கிடைக்கவில்லை. டாக்டர் திருச்செல்வம் கோப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“மாதவி, இது சீதாலெட்சுமி டீச்சருக்கு அப்புறமா?”

அந்தப் பெயரை அவர் கிளினிக்கில் உச்சரித்தது இருபத்திரண்டு ஆண்டுகளில் அதுவே முதன்முறை.

“மறுநாள்லேர்ந்து டாக்டர்.”

“தினமுமா?”

“பொது விடுமுறை தவிர.”

டாக்டர் திருச்செல்வம் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நானும் மறுநாள்லேர்ந்து ரெண்டு குறைச்சித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்,” என்றார்.

மூவரும் மனத்துக்குள் கணக்குப் போட்டனர். வேர் இருபது மில்லிமீட்டர் என்றால், பழைய ஊசிக்குப் பதினெட்டு என்று சொல்ல வேண்டும். திருச்செல்வம் பதினாறு என்று சொன்னார். மாதவி பதின்மூன்றில் வைத்தார். அந்தக் கிளினிக்கில் வேரின் கடைசி ஏழு மில்லிமீட்டர், தண்ணீரின் நல்லெண்ணத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

“அப்புறமும் அந்தப் பல்லெல்லாம் எப்படி நின்னுச்சு டாக்டர்?” என்று சுமையா கேட்டார்.

“பழைய ஊசி நேரா அடிக்கும். அது பாட்டுக்குப் போயிருக்கும்.” கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, “சிலது நிக்கல. நின்னதத்தான் நாம ஞாபகம் வெச்சிருக்கோம்,” என்றார்.

கன்னையாவிடம் தாமே பேசுவதாக டாக்டர் சுமையா முன்வந்தார். மாதவி மறுப்பாகத் தலையை அசைத்தார்.

“வெச்சது நான் டாக்டர். நானே சொல்றேன்.”

“சொன்னதுக்கு அப்புறம் அவரு, பரவால்ல புடுங்கிடுங்கன்னு சொன்னா, புடுங்கித்தான் ஆகணும்,” என்றார் திருச்செல்வம்.

“தெரியும் டாக்டர்.”

“நீ பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு சொன்னாலும் நிக்கக் கூடாது.”

“அதுவும் தெரியும்.”

புதன்கிழமை பத்து மணிக்குக் கன்னையா வந்தார். கையில், மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது.

“பல்ல வீட்டுக்குக் குடுத்துடுவீங்க இல்ல மிஸ்ஸி? கடைசிப் பல்லு. வெச்சிக்கலாம்னு.”

“உட்காருங்கண்ணே. ஆடு நல்லாருந்துச்சா?”

“எங்க? இந்தப் பக்கம் கடிச்சா உயிர் போகுது, அந்தப் பக்கம் பல்லு இல்ல. முழுங்கிட்டேன்.”

மாதவி அவருக்கு எதிரே நின்று, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். ஆசிரியையின் கன்னம், மறுநாள் கழித்த மூன்று, புதிய ஊசி, காகிதக் குச்சியின் கறை, சிராப்பு எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. கன்னையா டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூனு மில்லிமீட்டர்னா எவ்ளோ?”

மாதவி அளவுகோலில் காட்டினார்.

“இத்துனூண்டா?”

“ஆமாண்ணே.”

“இதுக்கா நான் ரெண்டு மாசமா ரொட்டிய தேத்தண்ணியில ஊற வெச்சித் தின்னுக்கிட்டு இருந்தேன்?”

“ஆமாண்ணே. என்னாலதான். நீங்க புடுங்கச் சொன்னா டாக்டர் இப்பவே எடுத்துடுவாரு. நான் உள்ள வர வேணாம்னாலும் சொல்லுங்க. ஆனா அந்தப் பல்லுக்கு இன்னும் ஒரு தடவை இருக்கு. அத ஒழுங்காக் கழுவினா நிக்கும்னு நான் நினைக்கிறேன்.”

கன்னையா மூடியை மூடினார். எதிரில் இருந்த சுவரைப் பார்த்தார்.

“என் பஸ்ல ஒரு புள்ள வெரலு கதவுல மாட்டிக்கிச்சு,” என்றார். “பதினெட்டு வருசம் இருக்கும். ஒன்னும் ஆகல, நகம் மட்டும் கறுத்துப் போச்சு. அதுலேர்ந்து நான் கதவ முழுசா சாத்தறதே இல்ல. ஒரு சாண் விட்டுத்தான் ஓட்டுவேன். புள்ளைங்க நல்லதுக்குத்தான்னு.”

“அப்புறம்?”

“போன வருசம் போலீஸ்காரன் சம்மன் குடுத்துட்டான். தொறந்த கதவோட ஓட்டறேன்னு. நானும் வெரலப் பத்திச் சொன்னேன். அப்போ புள்ளைங்க வெளிய விழுந்தா என்னான்னு கேட்டான். அது எனக்குத் தோணவே இல்ல லா.”

அவர் டப்பாவை மாதவியிடம் நீட்டினார்.

“இத ஓரமா வைங்க. பல்லு இருக்கட்டும். ஆனா நீங்க வளையம் வைக்கறத நான் பார்க்கணும்.”

மரத்துப்போக மருந்து போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டியதும் டாக்டர் சுமையா பின்வேரை மீண்டும் அளந்தார். “வேர் இருபது. ஊசி பத்தொன்பது.”

மாதவி ஊசியை அளவுகோலில் கிடத்தினார். வளையத்தைக் கையில் பிடித்து நகர்த்தினார். வளையம் பதினாறில் போய் நின்றது. அவர் நிறுத்தவில்லை, கை நிறுத்தியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அது நிற்கும் இடம் அதுதான். ரப்பர் திரைக்கு மேலே கன்னையாவின் இரு கண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மாதவி அந்த வளையத்தைப் பதினேழுக்குத் தள்ளினார். பிறகு பதினெட்டுக்கு. பிறகு பத்தொன்பதுக்கு. அளவுகோலை நோயாளியின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“பத்தொன்பது,” என்று உரக்கச் சொன்னார்.

கன்னையா கட்டை விரலை உயர்த்தினார்.

டாக்டர் சுமையா ஊசியை மெல்ல இறக்கினார். மருந்தை மெதுவாக அழுத்தி, ஊசியை மேலும் கீழும் சிறிது அசைத்துக்கொண்டே கழுவினார். உதவியாளர் உறிஞ்சு குழாயைப் பிடித்து, மேலே வரும் நீரை இழுக்க வேண்டும். மாதவி அதைச் செய்தார். ஆனால், பல்லையோ ஊசியையோ அவர் பார்க்கவில்லை. பத்து நிமிடங்களும் கன்னையாவின் வலக்கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் கன்னமாகவே இருந்தது. அதில் காலையில் மழிக்காமல் விட்ட மூன்று நரைமயிர்கள் இருந்தன. அவற்றின் இடம் மாறவில்லை.

“முடிஞ்சிருச்சு அக்கா,” என்றார் டாக்டர் சுமையா. “டியூப எடுக்கலாம்.”

அதன்பின் குழாய்க்குள் மருந்து வைத்து மூடி, இரண்டு வாரங்கள் கழித்து வரச் சொன்னார்கள்.

இடைப்பட்ட நாள்களில் மாதவி, முன்பு வலியோடு திரும்பி வந்த இருவரையும் தொலைபேசியில் அழைத்தார். ஒருவர் மறுநாளே வந்து மீண்டும் சிகிச்சை செய்துகொண்டார். மற்றவர் பல்லை வேறிடத்தில் ஏற்கெனவே பிடுங்கிவிட்டிருந்தார். மாதவி அவரிடமும் நடந்ததைச் சொன்னார். அவர் இணைப்பைத் துண்டித்தார். மாதவி அவருடைய அட்டையை எடுத்து, நடந்ததைத் தேதியிட்டு எழுதி, மீண்டும் அதே இடத்தில் வைத்தார்.

பழைய ஊசிகள் அப்புறப்படுத்தப்பட்டன. மருத்துவர் எண்ணைச் சொன்னால், உதவியாளர் வளையத்தை வைத்து அதே எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது கிளினிக்கின் வழக்கமாயிற்று. மாதவி அதை வேண்டியதைவிடச் சற்று உரக்கவே சொல்கிறார். வெளியே காத்திருப்பவர்களுள் சிலர் அந்த எண்களைக் குறித்துக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரி எடுப்பதாகக் கேள்வி. இதுவரை யாருக்கும் விழவில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து, புதன்கிழமை பத்து மணிக்குக் கன்னையா வந்தார்.

“எப்படிண்ணே இருக்கு?”

“நேத்து முறுக்கு கடிச்சேன் மிஸ்ஸி.”

“கடிக்கச் சொல்லலியே.”

“நீங்க ரெண்டு மாசம் பொய் சொன்னீங்க. நான் ஒரு முறுக்கு கடிச்சேன். சரியாப் போச்சு.”

டாக்டர் சுமையா அடைப்பை எடுத்தார். நெடி இல்லை. மாதவி வளையத்தைப் பத்தொன்பதில் வைத்து, எண்ணைச் சொல்லி, ஊசியைக் கொடுத்தார். கழுவி முடித்ததும் டாக்டர் சுமையா காகிதக் குச்சியைப் பின்வேருக்குள் இறக்கினார். பத்து வரை எண்ணினார். வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். அது கழுவிய நீரை உறிஞ்சியிருந்தது. இரண்டாவது குச்சியை இறக்கி எடுத்தார். மூன்றாவது முழுவதும் உலர்ந்து வந்தது. மேலிருந்து நுனி வரை வெண்மை.

மாதவி எஃகு அளவுகோலை எடுத்து அந்தக் குச்சியின் அருகில் வைத்து, குனிந்து பார்த்தார்.

“என்னக்கா அளக்கறீங்க?” என்றார் டாக்டர் சுமையா. “அதுலதான் ஒன்னும் இல்லையே.”

“அதத்தான் டாக்டர்,” என்று சொல்லிவிட்டு, மாதவி இறுதிவரை அளந்தார்.